செருப்பைக் கழற்றச் சொன்ன வசனம்

சாஆ, ஜொகூர்

அன்பு மகளே,

குர்ஆனின் தாஹா அத்தியாயம் 12ஆம் வசனத்தில் செருப்பு என்றால் செருப்புதானே, அதில் சூஃபிகள் இம்மையையும் மறுமையையும் எப்படி நுழைத்தார்கள் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி.

துவா பள்ளத்தாக்கில் மூஸா நபியிடம் செருப்பைக் கழற்றும்படி அல்லாஹ் சொல்கிறான். இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) 'மிஷ்காத்துல் அன்வார்' நூலில் இதைப் பேசுகிறார். மூஸா நபி வெளியே செருப்பைக் கழற்றினார். உள்ளே ஈருலகப் பற்றையும் கழற்றினார். இரண்டும் நடந்தன என்பதில்தான் இமாமின் பிடி இருக்கிறது. வெளிப்பொருளை மறுத்த பாத்தினிகளையும் கண்டிக்கிறார், உட்பொருளே கிடையாது என்றவர்களையும் விடவில்லை. சூராவ் (தொழுகைக்கூடம்) படியில் செருப்பை விட்டுவிட்டு, செம்பனை விலையை மனசில் சுமந்தபடி தக்பீர் கட்டும் என்னைப் போன்றவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும்.

உட்பொருள் தேடும் இந்த வழி கஸ்ஸாலிக்கும் முந்தியது. ஸஹ்ல் துஸ்தரியின் (இறப்பு 896) குர்ஆன் விளக்கங்களை மாணவர்கள் தொகுத்தார்கள். பின்னால் நிஷாப்பூரின் சுலமி (இறப்பு 1021) முன்னோர் சொன்னதையெல்லாம் 'ஹகாயிகுத் தஃப்ஸீர்' என்று ஒரே நூலாக்கினார். அதே ஊர்க்காரரான வாஹிதி கொதித்துவிட்டார்: இதைத் தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை) என்று சுலமி நம்பியிருந்தால் அது குஃப்ர் (இறைமறுப்பு) என்னும் அளவுக்கு! குஷைரி (இறப்பு 1072) நிதானக்காரர். தம் நூலுக்கு 'லதாயிஃபுல் இஷாராத்', அதாவது நுட்பமான குறிப்புகள் என்றே பெயர் வைத்தார். குறிப்பு என்று சொல்லிவிட்டால் சண்டை பாதி குறைந்துவிடும், பார்த்தாயா!

நம் பக்கத்துக்கு வருவோம். மலாய் மொழியின் முதல் முழுத் தஃப்ஸீர் 'தர்ஜுமான் அல்முஸ்தஃபீத்'. எழுதியவர் ஆச்சே நாட்டு அப்துர் ரவூஃப் சிங்கிலி (இறப்பு 1693). ஷத்தாரிய்யா தரீக்காவின் ஷைகு அவர். இருந்தும் நூலில் பெரும்பாலும் ஜலாலைன் தஃப்ஸீரை ஒட்டி நேர்ப்பொருளைத்தான் சொல்கிறார். பொதுமக்கள் கையில் முதலில் சேரவேண்டியது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். தமிழிலோ உட்பொருள் பாட்டில் ஏறிக்கொண்டது. தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீர் முஹம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுவிழா இரவில் கூடிப் பாடுகிறார்கள்.

நேர்ப்பொருள் முதலில், உட்பொருள் பிறகு என்ற வரிசையிலேயே நீயும் போ. கஹ்ஃபு அத்தியாயம் 60 முதல் 82 வரை, மூஸா நபியும் கிழ்ர் அலைஹிஸ்ஸலாமும் போகும் பயணத்தை முதலில் அப்துல் ஹமீது பாகவி தமிழாக்கத்தில் வாசி. படகில் ஓட்டை போட்டது ஏன் என்பதற்கு வசனத்திலேயே பதில் இருக்கிறது. அது பிடிபட்ட பிறகு, குருவிடம் சீடன் எதுவரை கேள்வி கேட்கலாம் என்று சூஃபிகள் இங்கிருந்து எடுத்ததை உஸ்தாதிடம் கேள். அவர் சொன்னதில் உனக்கு ஒப்பாதது எதுவோ, அதை எனக்கு எழுது.

உன் பெரியத்தா