கணினி சொல்லாமல் விட்டது

பத்தாம் வகுப்பில் காரணிப்படுத்துதல் நடத்திக்கொண்டிருந்த நேரம். பள்ளிக் கணினி அறையின் விண்டோஸ் கணினிகளில் 'மேக்சிமா' என்ற திறந்தமூலக் கணித மென்பொருளை அப்போதுதான் நிறுவியிருந்தேன். எக்ஸ்² − 5எக்ஸ் + 6 என்ற கோவையைக் கொடுத்ததும் கண் இமைக்கும் நேரத்தில் அதன் இரு காரணிகளும் திரையில் வந்தன. ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், கம்ப்யூட்டரே பிரிச்சுக் குடுத்துடுதே, அப்புறம் நாங்க எதுக்கு இதைக் கத்துக்கணும்?" என்றாள்.

"பொதுத்தேர்வில் கம்ப்யூட்டர் தரமாட்டாங்களே" என்று சமாளித்தேன். வகுப்பே சிரித்தது. ஆனால் அது அவள் கேள்விக்கு விடையில்லை என்பது எனக்கே தெரிந்தது. சரியான விடையைத் தேடியபோது கிடைத்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் மென்பொருளைப் பற்றி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் இறுதியில் தொடங்கப்பட்ட ஒரு கணித மென்பொருளின் வழிவந்தது மேக்சிமா. அதை 1982 முதல் 2001இல் தாம் மறையும்வரை பராமரித்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர். கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவதற்கான அனுமதியை 1998இல் பெற்றவரும் அவரே. அதனால் எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம்.

விண்டோஸுக்கான நிறுவல் கோப்பை இணைய வசதியுள்ள ஒரு கணினியில் தரவிறக்கிப் பென் டிரைவில் எடுத்துச் சென்றேன். நிறுவிய பிறகு இணையம் தேவைப்படவில்லை. அதனுடன் சேர்ந்தே வரும் 'டபிள்யூஎக்ஸ்மேக்சிமா' என்ற திரையில்தான் வேலை செய்கிறோம். கட்டளையைத் தட்டச்சு செய்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு என்டர் தட்ட வேண்டும். என்டரை மட்டும் தட்டினால் அடுத்த வரிதான் வரும். அடுக்குக்கு 6ஆம் எண் விசையின் மேலுள்ள கூரைக் குறியையும், பெருக்கலுக்கு 8ஆம் எண் விசையின் மேலுள்ள நட்சத்திரக் குறியையும் இட வேண்டும். 5எக்ஸ் என்று சேர்த்து எழுதினால் ஏற்காது. நடுவில் நட்சத்திரம் வேண்டும். எண்ணுக்கும் மாறிக்கும் இடையில் ஒரு பெருக்கல் மறைந்திருப்பதை என் மாணவர்களில் சிலர் இங்கேதான் முதன்முதலாகக் கவனித்தார்கள்.

அடுத்த பாடவேளைக்கு இரண்டு கணக்குகளோடு போனேன்.

முதல் கணக்கு: (எக்ஸ்² − 4) / (எக்ஸ் − 2). இதைச் சுருக்க 'ராட்சிம்ப்' என்ற கட்டளை உண்டு. ரேஷனல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் சிம்ப்ளிஃபை என்பதன் முதல் நான்கு எழுத்துகளையும் சேர்த்தால் கிடைப்பது அது. எக்ஸ் + 2 என்று விடை வந்தது. "எக்ஸுக்குப் பதில் 2 போட்டு, முதல் கோவையையும் விடையையும் தனித்தனியே கணக்கிடுங்கள்" என்றேன். விடையில் போட்டவர்களுக்கு 4 வந்தது. முதல் கோவையில் போட்டவர்களுக்குப் பிழைச்செய்தி வந்தது. இரண்டும் ஒன்று என்று சொன்ன அதே கணினி ஏன் இப்படிச் செய்கிறது என்று அறையில் ஒரே சலசலப்பு. பகுதி பூச்சியமாவதைக் கண்டுபிடித்து, 2 விலக்கப்பட்ட மதிப்பு என்று அவர்களே சொன்னார்கள். சுருக்கிக் கொடுத்த கணினி அந்த நிபந்தனையைச் சொல்லவில்லை.

இரண்டாவது கணக்கு: எக்ஸ்² − 2. 'ஃபேக்டர்' கட்டளை கொடுத்தால் கோவை அப்படியே திரும்பி வரும். "இதுக்குக் காரணியே இல்லை" என்றார்கள். "இதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தித் தீர்த்துப் பாருங்கள்" என்றேன். 'சால்வ்' கட்டளை √2, −√2 என்ற இரண்டு தீர்வுகளைத் தந்தது. தீர்வு இருந்தால் காரணியும் இருக்குமே! இந்தக் கட்டளை விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட காரணிகளை மட்டுமே தேடுகிறது என்று விளக்கினேன். மெய்யெண்களில் தேடினால் (எக்ஸ் − √2)(எக்ஸ் + √2) என்று பிரியும்.

அன்று கேள்வி கேட்ட மாணவி தன் நோட்டில் (எக்ஸ் − 3) / (எக்ஸ்² − 9) என்று ஒரு கணக்கைத் தானே உருவாக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், இதுல ரெண்டு எண்ணை விலக்கணும். கம்ப்யூட்டர் விடையைப் பார்த்தா −3 மட்டும்தான் தெரியுது, 3 தெரியவே இல்லை" என்றாள். அவளுக்கு நான் தர வேண்டியிருந்த விடையை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

இப்போது கணினி அறைக்குப் போகும்போது ஒரே ஒழுங்கைத்தான் கடைப்பிடிக்கிறோம். முதலில் நோட்டில் கணக்கைப் போட வேண்டும். பிறகு மேக்சிமாவில் சரிபார்க்க வேண்டும். கடைசியாக, கணினி சொல்லாமல் விட்டது என்ன என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் திருத்துகிறேன். கணக்கில் தடுமாறும் பிள்ளைகள்கூட அதை எழுத முயல்கிறார்கள். நீங்களும் மேலே உள்ள இரண்டு கணக்குகளோடு ஒரு பாடவேளையைத் தொடங்கிப் பாருங்கள்.