பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு: கார் பராமரிப்பில் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரின் நிறமாகக் கண்ணுக்குத் தெரிவது ஒற்றைப் பூச்சு அன்று. எஃகுத் தகட்டின் மீது முதலில் பாஸ்பேட் படலமும், அதன்மேல் பாடி முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி மின்னோட்டத்தால் ஒட்டவைக்கும் துருத்தடுப்புப் பூச்சும், மேற்பரப்பைச் சமன் செய்யும் பிரைமரும், நிறம் தரும் பேஸ் கோட்டும், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட்டும் அமைகின்றன. இவையெல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. வெயிலையும் மழையையும் துடைக்கும் துணியையும் நேரடியாகத் தாங்குவது இந்த மெல்லிய படலமே. பெயின்ட்டைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பல, இப்படலம் ஒருநாளும் தீராது என்ற எண்ணத்தில் பிறந்தவை.

நம்பிக்கை: தினமும் காலையில் துணியால் துடைத்துவந்தால் கார் புதுமை குன்றாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வண்டி நிறுத்துமிடங்களில் விடியற்காலையில் நடக்கும் இந்தத் துடைப்பு, அக்கறையின் பெயரால் நிகழும் சேதம் எனலாம். சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் நுண்துகள்கள் கலந்துள்ளன. கண்ணாடியையே கீறக்கூடிய அத்துகள்களை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கும்போது, துணி உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. அதனால் விழும் மயிரிழைக் கீறல்கள் நிழலில் புலப்படுவதில்லை. கறுப்பு அல்லது அடர்நீலக் காரை நேர்வெயிலில் நிறுத்தி, பானட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தை உற்றுப் பார்த்தால், அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல அவை வட்ட வட்டமாகத் தெரியும். முதலில் தண்ணீரைப் பாய்ச்சிப் புழுதியை இறக்கிவிட்டு, சோப்பு நீருக்கு ஒன்றும் துணியை அலச ஒன்றுமாக இரண்டு வாளிகளை வைத்துக் கழுவுவதே முறை. அதற்கு நேரமில்லாத நாளில் தூசியை அப்படியே விட்டுவைப்பது உலர்துணியால் துடைப்பதைவிட மேல். துணியில் சிறிது டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அப்போது தோன்றும் மினுமினுப்பு எண்ணெய்ப் படலத்தினுடையது. அது மேலும் புழுதியை இழுத்துக்கொள்வதோடு, கதவோர ரப்பர் பட்டைகளையும் உப்பச்செய்து கெடுக்கிறது.

நம்பிக்கை: அடிக்கடி பாலிஷ் போட்டால் பெயின்ட் நீடிக்கும்.

பாலிஷ், வாக்ஸ் ஆகிய இரண்டு சொற்களும் பேச்சுவழக்கில் ஒன்றாகிவிட்டதே இக்குழப்பத்துக்கு மூலம். வாக்ஸ் என்பது கிளியர் கோட்டின் மேல் படிந்து சில வாரங்களோ மாதங்களோ அதைக் காக்கும் மெழுகு. பாலிஷ் என்பது நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கலந்த பசை. அது கீறலின் பள்ளத்தை நிரப்புவதில்லை, பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறது. ஆகவே ஒவ்வொரு பாலிஷுக்கும் கிளியர் கோட்டில் சிறிதளவு கழிகிறது, கழிந்த பகுதி மறுபடி பெயின்ட் அடித்தாலொழியத் திரும்புவதில்லை. கதவு விளிம்புகளிலும் பாடியின் மடிப்புக் கோடுகளிலும் இத்தேய்மானம் முதலில் வெளிப்படும்.

நம்பிக்கை: ‘9எச்’ செராமிக் கோட்டிங் போட்ட காரில் கீறலே விழாது.

விளம்பரங்களில் வரும் இந்த 9 என்ற எண்ணைக் கண்டதும், வைரத்துக்கு 10 வழங்கும் மோஸ் கடினத்தன்மை அளவுகோல் பலருக்கு நினைவுக்கு வருகிறது; உண்மையில் அது பென்சிலின் எண். பூச்சுகளின் கடினத்தைச் சோதிக்க, பல தரப் பென்சில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குறிப்பிட்ட எடையின் கீழ் 45 பாகைச் சாய்வில் பூச்சின்மேல் இழுத்து, எந்தப் பென்சில் தடம் பதிக்கிறது என்று பார்ப்பது வழக்கம். அவ்வரிசையில் மிகக் கடினமான பென்சில்தான் 9எச். பென்சிலைத் தாங்கிய பூச்சு, மோஸ் அளவுகோலில் 7 பெறும் குவார்ட்ஸ் மணலையும் தாங்கும் என்பதற்கு இதில் எந்த உறுதியும் இல்லை. செராமிக் படலம் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான் தடிமனே கொண்டது. தண்ணீரை முத்து முத்தாக உருண்டோடச் செய்வதும் அழுக்கு ஒட்டாமல் கழுவுவதை எளிதாக்குவதும் அதன் மெய்யான பயன்கள். நெடுஞ்சாலையில் தெறிக்கும் சரளைக்கல்லை அது தடுக்காது. அதற்கு 150 மைக்ரானும் அதற்கு மேலும் தடிமனுள்ள பாலியூரிதேன் ஒட்டுப்படலம் தேவை. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவி வெயிலிலேயே உலரவிட்டால், செராமிக்கின் மேலும் வெள்ளைத் திட்டுகள் படியும்.

காக்கை எச்சத்தை ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தவறு. வெயிலில் சூடேறி இளகும் கிளியர் கோட்டில் அதன் தடம் நிலையாகப் பதிந்துவிடும் என்பதால், ஈரத்துணியால் ஊறவைத்து அன்றே எடுத்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு தீர்ப்பளிக்கும் இதே வழக்கம் பானட்டுக்குக் கீழும் தொடர்கிறது. இன்ஜின் ஆயில் கறுத்துவிட்டால் அது கெட்டுவிட்டது என்பார்கள். டீசல் இன்ஜினில் புகைக்கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது ஆயிலின் கடமைகளுள் ஒன்றாதலால், புது ஆயிலும் விரைவிலேயே கறுக்கும். பனி விழாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று ரேடியேட்டரில் குழாய்நீரை ஊற்றுவோரும் உளர்; உறைவதைத் தடுப்பதோடு, கொதிநிலையை உயர்த்துவதும் உட்புற உலோகத்தை அரிக்காமல் காப்பதும் கூலன்ட்டின் பணிகள் என்பதால், வெப்பமிகு ஊர்களிலும் அது வேண்டும்.

ஓடாத காருக்குச் சர்வீஸ் தேவையில்லை என்ற நம்பிக்கையே இவற்றில் ஆபத்தானது. பிரேக் ஆயில் எனப்படும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் பிரேக் திரவத் தரத்துக்கு, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் எனப்படும் கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி வரை இறங்க அந்தத் தரவரையறையே இடமளிக்கிறது. நீண்ட மலையிறக்கத்தில் பிரேக் சூடேறி அத்திரவம் கொதித்தால், குழாயில் ஆவி நிறைந்து மிதி தரைவரை அமுங்கும், வண்டி நிற்காது. வண்டி வீட்டில் நின்றாலும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். சர்வீஸ் அட்டவணையில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மாதக் கணக்கும் அச்சிடப்பட்டு, ‘எது முந்துகிறதோ அது’ என்று குறிக்கப்படுவது இதனால்தான். காரோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.