நோயுற்ற துணையுடன் கடல்கடந்து குடியேறுதல்

அயல்நாட்டில் குடியேற விழையும் வாடிக்கையாளர்கள் நமது கிளைகளில் முதலில் கேட்பது, “வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?” என்பதே. அவர்களுள் சிலர் புறப்படும் வேளையில் குரலைத் தாழ்த்தி மற்றொன்றும் கேட்பதுண்டு: “மனைவிக்கு உடல்நலம் சரியில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டுமா?” இந்த இரண்டாம் கேள்விக்குரிய விடையையே இக்கட்டுரையில் பயில்வோம்.

பாடம் தெளிவாக விளங்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். புனேயில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர் கனடாவில் நிரந்தரக் குடியுரிமை பெற விரும்புகிறார். பள்ளி ஆசிரியையான அவருடைய மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இவர்கள் எவ்வாறு திட்டமிட வேண்டும்?

சட்டம் எதை நோக்குகிறது?

கனடாவின் குடியேற்ற மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு மூன்று காரணங்களைக் கூறுகிறது. பொது மக்களின் நலத்துக்கு ஆபத்து, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து, அரசின் மருத்துவ, சமூக சேவைகளின்மீது மிகையான சுமை என்பன அவை. சிறுநீரக நோய் தொற்றுவதன்று. எனவே முதல் இரண்டும் இங்கே பொருந்தா. மூன்றாவதே கவனத்துக்குரியது.

இங்கே எடைபோடப்படுவது நோயின் பெயரன்று. அதற்கு ஆகக்கூடிய செலவு. பொதுவாக 5 ஆண்டுகளுக்கு எதிர்பார்க்கப்படும் செலவைக் கணக்கிட்டு, அரசு வகுத்த வரம்போடு ஒப்பிடுவர். 2018இல் இவ்வரம்பு மூன்று மடங்காக உயர்த்தப்பட்டு, ஆண்டுக்கு 19,965 கனடிய டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. எளிய மாத்திரைகளால் கட்டுப்படும் இரத்த அழுத்தமோ நீரிழிவோ பொதுவாக இவ்வரம்பைத் தாண்டுவதில்லை. தொடர் டயாலிசிஸ் தாண்டிவிடும்.

ஒரே நோய், இரு வழிகள்

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஏற்கெனவே கனடாவின் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமையாளராகவோ இருப்பவர், குடும்பப் பிரிவில் தம் துணையை ஆதரித்து அழைத்தால், ‘மிகையான சுமை’ என்னும் தடை அத்துணைக்குப் பொருந்தாது. சட்டமே இவ்விலக்கை அளிக்கிறது.

ஆனால் நம் பொறியாளரைப் போலத் திறன்சார் பணியாளராக விண்ணப்பிப்பவரின் துணைக்கு இவ்விலக்கு இல்லை. மனைவி மருத்துவத் தகுதி பெறாவிடில் கணவரின் விண்ணப்பமும் மறுக்கப்படும். ஆகவே எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறோம் என்பதே முதலில் ஆராய வேண்டியது.

தவிர்க்க வேண்டிய குறுக்குவழிகள்

“மனைவி உடன் வரவில்லை என்று எழுதிவிட்டு நான் மட்டும் முதலில் சென்றால் என்ன?” என்று சிலர் வினவுவர். நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பத்தில் உடன் வராத துணையையும் குறிப்பிட வேண்டும். அவரும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மண வாழ்வு முறிந்திருந்தாலன்றி, அவருடைய தகுதியின்மை விண்ணப்பதாரரையும் பாதிக்கும்.

“மணமாகவில்லை என்று எழுதினால்?” என்பது இதனினும் கேடானது. பொய்த் தகவல் கண்டறியப்பட்டால் 5 ஆண்டுத் தடை விதிக்கப்படலாம். அது மட்டுமன்று, குறிப்பிடப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட துணையைப் பிற்காலத்தில் குடும்பப் பிரிவில் அழைக்கும் உரிமை பொதுவாக அற்றுப்போகும். நோயுற்ற மனைவிக்குச் சட்டம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறதோ, அந்தக் கதவையே கணவரின் ஒரு பொய் அடைத்துவிடுகிறது. இப்பாடத்தில் மனத்தில் இருத்த வேண்டிய முதன்மைச் செய்தி இதுவே.

சேமிப்பு எதுவரை உதவும்?

தகுதி குறித்து ஐயம் எழுந்தால், அதிகாரிகள் உடனே மறுத்துவிடாமல் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவர். பொதுவாக 90 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். சிகிச்சை மருத்துவரின் அண்மை அறிக்கை, மருந்துகளின் பட்டியல், செலவை எவ்வாறு ஏற்போம் என்னும் திட்டம் ஆகியவற்றை இணைக்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். நோயாளியே விலை கொடுத்து வாங்கக்கூடிய மருந்துகளுக்கு, பணியிடக் காப்பீடும் சேமிப்பும் தக்க சான்றாகலாம். டயாலிசிஸ் போன்ற மருத்துவமனைச் சேவைகளை அரசே அனைவருக்கும் வழங்குகிறது. ஆதலின் “நாங்களே செலவை ஏற்போம்” என்னும் உறுதிமொழி அங்கே செல்லுபடியாவதில்லை. நம் பொறியாளரின் வைப்புத்தொகை எத்துணை பெரிதாயினும் இத்தடையை அது நீக்காது.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவில் செலவு வரம்பு 2024 ஜூலை முதல் 86,000 ஆஸ்திரேலிய டாலர். திறன்சார் விசாக்கள் பலவற்றில் குடும்பத்தில் ஒருவர் தகுதி இழந்தால் அனைவரும் இழப்பர். வாழ்க்கைத்துணை விசாவில் விலக்குக் கோர வழியுண்டு. நியூசிலாந்து, டயாலிசிஸ் தேவைப்படும் நிலையைக் கடும் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துள்ளது. பிரிட்டனில் குடியேறச் செல்வோரில் பலர் 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் செலுத்துகின்றனர்.

அனுமதி கிடைத்தபின் செய்ய வேண்டியவை

1. இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். இவ்வரம்பு கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனியே உண்டு. மருத்துவ மதிப்பீட்டுச் சான்று இருப்பின், சிகிச்சைக்காக அதற்கு மேலும் பெறலாம்.

2. நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் மூலத்தில் வரி வசூலிக்கப்படும். நோக்கத்தைப் பொறுத்து விகிதம் மாறும். ஆகவே மருத்துவச் செலவைச் சரியாகக் குறிப்பிடுக. இவ்வரியை வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

3. குடியேறியபின் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவது கட்டாயம். காப்பீட்டுத் தவணைகள் அதிலிருந்தே செல்லட்டும்.

4. இந்திய மருத்துவக் காப்பீட்டை உடனே கைவிட வேண்டா. மீண்டும் புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருக்க நேரலாம். தாயகம் திரும்பும் நிலை வந்தால் பழைய காப்பீடே கைகொடுக்கும்.

5. சென்ற அன்றே அரசுக் காப்பீடு கிடைக்கும் என எண்ணற்க. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வந்த மாதத்தின் எஞ்சிய நாள்களும் அடுத்த 2 மாதங்களும் காத்திருக்க வேண்டும். தனியார் காப்பீடுகள் பழைய நோய்களை விலக்குவதுண்டு. இவ்விடைவெளிக்கென ரொக்கத்தை ஒதுக்கி வைத்தல் நலம்.

6. கனடாவுக்குச் சொந்த உபயோகத்திற்காக 90 நாள் அளவுக்கு மருந்து கொண்டு செல்லலாம். அவை மூல உறையிலேயே, மருத்துவச் சீட்டுடன் இருக்க வேண்டும்.

முடிவாக

நம் எடுத்துக்காட்டுத் தம்பதியர் என்ன செய்யலாம்? இன்றே விண்ணப்பித்தால் மறுப்புக்கே வாய்ப்பு மிகுதி. மாற்றுச் சிறுநீரகம் பொருத்த இயலுமா என மருத்துவரிடம் முதலில் கேட்கலாம். இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, வாழ்க்கைத்துணையும் உறுப்பளிக்கத்தக்க நெருங்கிய உறவினரே. சிகிச்சைக்குப்பின் மருத்துவ நிலையும் செலவும் மாறும். அப்போது புதிய அறிக்கைகளுடன் விண்ணப்பத்தை எண்ணிப் பார்க்கலாம். இல்லையேல், செல்லாதிருப்பதும் தோல்வியன்று. அதுவும் ஒரு குடும்பம் கூடியெடுக்கும் முடிவே.

விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்குமுன் அந்நாட்டு அரசின் அறிவிப்பைச் சரிபார்ப்போம். எதனை எழுதினாலும் உள்ளதை எழுதுவோம். “சொல்லத்தான் வேண்டுமா?” என்று தாழ்ந்த குரலில் எழுந்த கேள்விக்கு, “ஆம், முதலிலேயே” என்பதே நமது விடை.