துபாய் டெலிவரி பைக்: சாவிக்கு முன்னால் காகிதம்

"தம்பி, உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே, அப்புறம் என்ன?" என்பார் ஏஜென்ட். ஊரில் பத்து வருடம் பல்சர் ஓட்டியவருக்கும் துபாய் டெலிவரி வேலையில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுபோலத்தான் தோன்றும். அங்கே முதலில் காலை வாருவது அந்தப் பத்து வருடப் பழக்கமே.

அமீரகத்தில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. நெரிசலில் இதனால் பெரிதாகத் தப்பு வராது. முன்னால் போகிற வண்டியே வழி காட்டிவிடும். இரவு ஒரு மணிக்கு, பெட்ரோல் பங்க்கிலிருந்து வெறிச்சோடிய சாலைக்குத் திரும்பும்போதுதான் கை தானாக இடது பக்கம் போகும். முதல் இரண்டு மாதம், ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் "வலது" என்று வாய்விட்டே சொல்லுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

ரவுண்டானாவும் தலைகீழ். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். உங்கள் இடப்புறமிருந்து, ஏற்கெனவே உள்ளே சுற்றி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. முன்சக்கரத்தை யார் முதலில் நுழைக்கிறாரோ அவருக்கே வழி என்கிற நம்மூர்ச் சட்டம் அங்கே செல்லாது. ஹாரனும் அப்படித்தான். நம்மூரில் ஹாரன் ஒரு பாஷை. அங்கே அது பேசாது, இண்டிகேட்டர்தான் பேசும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரிக்குப் பக்கத்தில் கண்ணாடியை மட்டும் நம்பாமல், ஒரு நொடி தலையைத் திருப்பிப் பார்த்த பிறகே லேன் மாறுங்கள்.

துபாயில் 2025 நவம்பர் 1 முதல் ஒரு விதி: ஐந்து அல்லது அதற்கு மேல் லேன் உள்ள சாலைகளில் இடது ஓரத்து இரண்டு லேன்களிலும், மூன்று நான்கு லேன் சாலைகளில் இடது ஓர லேனிலும் டெலிவரி பைக் போகக் கூடாது. மீறினால் முகாலஃபா, அபராதத்துக்கு அங்கே எல்லோரும் சொல்கிற பெயர் அது. பல இடங்களில் அது சம்பளத்தில்தான் கழியும்.

சாலைச் சமாச்சாரம் இவ்வளவுதான், மூன்று மாதத்தில் பழகிவிடும். பழகாத ஆபத்து காகிதத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ரைடருக்கு ஆர்டர் கணக்கில் கூலி. இரண்டு லட்சம் வட்டிக்கு வாங்கி விமானம் ஏறியவர், மழையோ மூடுபனியோ, இன்னும் ஒரு ஆர்டர் என்று முறுக்கத்தான் செய்வார். ஆக்ஸிலரேட்டரைத் திருகுவது அந்தக் கடன். அதனால் பாதுகாப்பு ஊரிலேயே ஆரம்பிக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் இந்தியச் சட்டப்படி சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. ஏஜென்டின் பதிவை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிடுங்கள். விசிட் விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, பணி வாய்ப்புக் கடிதம். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவம் தமிழிலும் உண்டு. கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். முதலில் தேட வேண்டியது 'பேசிக்' சம்பளம். "கமிஷனோடு மூவாயிரம் திர்ஹம் வரும்" என்பார்கள். அதில் பேசிக் எவ்வளவு? வேலையில் இருக்கும்போது விபத்தில் இறந்தால், சட்டப்படி குடும்பத்துக்குக் கிடைப்பது 24 மாத பேசிக் சம்பளம்; குறைந்தது 18,000 திர்ஹம், அதிகபட்சம் 2,00,000. பேசிக் 800 என்றால் 19,200. பேசிக் 2,000 என்றால் 48,000. சாலை அதே, வேகமும் அதே. ஒரு வரியில் தொகை இரண்டரை மடங்கு மாறுகிறது. கமிஷன் இந்தக் கணக்கில் வராது.

காயம்பட்டால் சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதம் வரை முழுச் சம்பளம், குணமாகவில்லையென்றால் மேலும் ஆறு மாதம் பாதிச் சம்பளம். இதெல்லாம் உங்களைத் தன் தொழிலாளி என்று ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டால்தான். உணவுப் பெட்டியில் ஒரு பெயர், விசாவில் வேறொரு பெயர் இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். உங்களுக்கு முதலாளி விசாவில் இருக்கிற பெயர்தான். பெட்டியின் பளபளப்பைப் பார்த்துச் சேராதீர்கள்.

இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே இந்த வேலை பார்க்க முடியாது. அமீரக பைக் லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். வகுப்பு, தேர்வு, ரோடு டெஸ்ட் எல்லாம் உண்டு. செலவு யாருடையது, பாஸாகும் வரை சம்பளம் உண்டா, ஃபெயிலானால் அடுத்த கட்டணத்தை யார் கட்டுவது? பைக் தவணை, பெட்ரோல், சிம் என்று மாதம் எவ்வளவு கழிப்பார்கள்? பதில்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும்.

இன்சூரன்ஸ் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு எதிரே வந்தவருக்கானது. ஓட்டுகிற உங்களுக்கு அல்ல. ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். குடியேற்றச் சோதனை தேவைப்படும் (ECR) பாஸ்போர்ட்காரர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா உண்டு. இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்க அங்கே தடை இருக்கிறது. ரைடர்களுக்கு ஆர்டர் அப்போதும் வரும்; நிழலுக்காக நகரில் ஏசி ஓய்விடங்கள் வைத்திருக்கிறார்கள். உங்கள் வழித்தடத்தில் அவை எங்கே என்று முதல் வாரமே குறித்துக்கொள்ளுங்கள். தலை சுற்றி நாக்கு வறண்டால் ஆர்டரை விட்டுவிட்டு அங்கே ஒதுங்குங்கள்.

விபத்து நடந்துவிட்டால், சின்ன உரசலானாலும் ஓடிவிடக் கூடாது. யாருக்காவது காயம் பட்டிருந்தால், ஓடுவது அங்கே சிறைக்குரிய குற்றம். 999-ஐ அழையுங்கள். போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் எந்தக் கராஜும் வண்டியைத் தொடாது. இழப்பீடு கேட்கவும் அதுவே அடிப்படை. உங்கள் தவறால் ஒருவர் இறந்தால் ரத்தப் பணம் 2,00,000 திர்ஹம். வழக்கமாக இன்சூரன்ஸ் கட்டும். லைசென்ஸ் இல்லாமலோ குடித்துவிட்டோ ஓட்டியிருந்தால், கட்டிய தொகையை உங்களிடம் வசூலிக்க வரும்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை. அதன் நகல், ஒப்பந்தம், விசா, இன்சூரன்ஸ் அட்டை எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டில் விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கம்பெனியிடம் பேசப்போவது அவர்தான்.