போட்டோவில் பிரஷர் தெரியாது

போன மாதம் சித்தி தன் பின்கழுத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "எவ்வளவு தேய்ச்சாலும் இந்தக் கருப்பு போக மாட்டேங்குதுப்பா. ஆன்லைன்ல தோல் டாக்டரைக் கேட்டா ஒரு க்ரீம் எழுதித் தர மாட்டாங்களா?" படத்தில் பாதி டியூப்லைட் வெளிச்சம். மீதியை போனின் ப்யூட்டி மோட் மெழுகிவிட்டிருந்தது. நான் டாக்டர் இல்லை, உடல்நலப் பக்கத்துக்கு எழுதுகிறவன். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

தோலைத் தொலைவிலிருந்து காட்ட இரண்டு வழி உண்டு. படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம், அல்லது வீடியோவில் பேசலாம். தெளிவு படத்தில்தான். ஓடுகிற வீடியோவில் தடிப்பின் ஓரம் கலங்கிப்போகும். ஆனால் "அரிக்குதா, எப்போதிருந்து, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கா" என்று டாக்டர் உடனுக்குடன் கேட்பது வீடியோவில் நடக்கும். 2020 மார்ச் 25-ல் வந்த இந்திய டெலிமெடிசின் நெறிமுறைகளும் இதற்கேற்பவே இருக்கின்றன. க்ளோட்ரிமசோல், முபிரோசின் போன்ற பூச்சு மருந்துகளை முதல் தடவையே எழுதித் தர வேண்டுமென்றால் அது வீடியோ ஆலோசனையாக இருக்க வேண்டும். என் யோசனை: படங்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டு வீடியோவில் பேசுங்கள். படம் மட்டும் அனுப்புவது, ஏற்கனவே பார்த்த டாக்டரிடம் "குறைஞ்சிருக்கா" என்று கேட்கும்போது போதும். அரசின் ஈ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே காசில்லாமல் டாக்டரிடம் பேசலாம்.

படம் எடுக்கும்போது பகலில் ஜன்னலோரம் நில்லுங்கள். மஞ்சள், பவுடர் எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள். தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவிய க்ரீம் இருந்தால் அந்த ட்யூபையும் சேர்த்துப் படமெடுங்கள். இதை மட்டும் மறைக்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் பட்டால் படர்தாமரையின் வட்டமும் ஓரமும் அழிந்து, பார்க்கிறவருக்கு அது வேறு ஏதோ நோயாகத் தெரியும்.

சிலவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். உணர்ச்சியற்ற தேமலைத் தொட்டுப் பார்க்காமல் தொழுநோயா இல்லையா என்று சொல்ல முடியாது. ரத்தம் கசியும் மச்சமும், உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே போகும் கரும்புள்ளியும் அப்படித்தான். காய்ச்சலோடு வாயிலும் உடம்பிலும் கொப்புளம் கிளம்பினால் போனைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சித்தியின் கழுத்துக்கு வருகிறேன். வெல்வெட் மாதிரி தடித்துக் கருக்கும் இதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். அழுக்கு அல்ல. பெரும்பாலும், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். இதேபோல் இமையோரத்து மஞ்சள் திட்டு கொலஸ்ட்ராலைப் பார்க்கச் சொல்லும். சொரியாசிஸ் இருந்தால் மாரடைப்பு அபாயமும் கூடும். 2018-ல் வந்த அமெரிக்க இதயநல வழிகாட்டுதல், அபாயத்தைக் கூட்டுபவை என்ற பட்டியலில் சொரியாசிஸையும் தெற்காசிய வம்சாவளியையும் சேர்த்தே வைத்திருக்கிறது. தோலைப் பார்த்த டாக்டர் "பிரஷர் பார்த்தீங்களா?" என்று கேட்டால், சம்பந்தமில்லாமல் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள்.

இதய அபாயத்தைக் கணக்கிடுவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் புதுப்பித்த வண்ண அட்டவணைகள், இதுவரை இதயநோயோ பக்கவாதமோ வராத, 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கானவை. அடுத்த பத்து ஆண்டில் இவை வரும் வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லும். ஒரு வகைக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம்: வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், மேல் ரத்த அழுத்தம், உயரத்துக்கேற்ற எடை போதும். இன்னொன்று எடையை விட்டுவிட்டு சர்க்கரை நோயையும் கொலஸ்ட்ராலையும் எடுத்துக்கொள்ளும். ஊரையே வரிசையில் நிறுத்திப் பார்க்க முதல் வகை நல்லது. ஆனால் சர்க்கரை உள்ளவரின் அபாயத்தை அது குறைத்துக் காட்டிவிடும். கழுத்து கருத்தவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டாவதையே பாருங்கள்.

எதுவானாலும் கணக்கை போனிலேயே போடலாம், அதற்கான எண்களை மட்டும் நேரில்தான் எடுக்க வேண்டும். கேமராவில் விரல் வைத்தால் பிரஷர் சொல்லும் ஆப்களை நான் நம்புவதில்லை. மேல்கையில் பட்டை கட்டும் கருவிதான் வேண்டும். அரை மணி முன்பிருந்து காபி, சிகரெட் கூடாது. முதுகைச் சாய்த்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, இரண்டு முறை பாருங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறவர்களிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசம். நெஞ்சு அழுத்தி வியர்த்தால் மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம், 108.

சித்தி போய் வந்தார். பிரஷர் 152, இரண்டாவது தடவை 148. வெறும் வயிற்றில் சர்க்கரை 138. உறுதிப்படுத்த இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். "ஊசியெல்லாம் பரவாயில்லை. அந்த நர்ஸ் அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டா, அதுதான்..." என்றார்.