கையடக்கக் கம்ப்யூட்டருக்கு நாமே செய்யும் பவர் சர்க்யூட்



1981-ல் ஆஸ்பார்ன் 1 என்ற கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. கையில் தூக்கிச் செல்லலாம் என்றார்கள். எடை சுமார் 11 கிலோ! ஆனால் அதற்குள் பேட்டரி கிடையாது. போகிற இடத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால்தான் ஓடும். ஆக, பெட்டிக்குக் கைப்பிடி வைத்தால் மட்டும் போதாது. பவர் சர்க்யூட்தான் முக்கியம் என்பது விளங்குகிறது அல்லவா?

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். லேப்டாப் வாங்கிக் குடுங்க என்று அப்பாவிடம் கேட்க வாய் வராது. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். 2016-ல் வந்த ராஸ்பெர்ரி பை 3 போர்டு, ஒரு சின்னத் திரை, ஒரு கீபோர்டு இருந்தால் நாமே ஒன்று செய்யலாம். இவை மூன்றும் கடையில் கிடைக்கும். பவர் சர்க்யூட்டை நாம்தான் அமைக்க வேண்டும்.

1. முதலில் கணக்கு

எல்லாம் சேர்ந்து 5 வோல்ட்டில் சராசரியாக 1.2 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது 6 வாட். லித்தியம் செல் 3.7 வோல்ட்தான், அதை 5 வோல்ட்டாக உயர்த்த பூஸ்ட் கன்வெர்ட்டர் வேண்டும். அதன் திறன் 85 சதவீதம் என்றால், செல் 7.06 வாட் கொடுக்க வேண்டும். 3.7 வோல்ட்டில் 1.9 ஆம்பியர், செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கினால் 2.2 ஆம்பியர். வோல்ட் குறையக் குறைய கரண்ட் ஏறும்! கன்வெர்ட்டர் வாங்கும்போது இந்த உள்பக்கக் கரண்ட்டைப் பாருங்கள்.

2,600 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட 18650 செல் இரண்டை பேரலலாக வைத்தால் சுமார் 19.2 வாட்-மணி. 7.06-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.7 மணி நேரம்.

2. ஒயரில் கவனம்

சப்ளை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த போர்டு எச்சரிக்கை காட்டும். 5-லிருந்து கழித்தால் நமக்கு மிச்சம் 0.37 வோல்ட். 1.2 ஆம்பியரால் வகுத்தால் 0.31 ஓம். ஒயர், சுவிட்ச், கனெக்டர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மெல்லிய ஒயர் போட்டுவிட்டு "போர்டு போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். செல் பக்கம் கரண்ட் இன்னும் அதிகம். அங்கே தடித்த, குட்டையான ஒயர் போடுங்கள். ஒரு ஃப்யூஸும் அவசியம்.

3. செல்லை மதியுங்கள்

செல் மீது நேரடியாக சால்டரிங் வைக்கவே கூடாது. சூட்டில் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஹோல்டர் பயன்படுத்துங்கள். பேரலலாக இணைக்கும் முன் இரண்டு செல்லும் ஒரே வோல்ட்தானா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரண்ட் பாயும்.

சார்ஜ் செய்ய டி.பி. 4056 மாட்யூல் போதும். பாதுகாப்பு சர்க்யூட்டும் சேர்ந்தே உள்ள வகையை வாங்குங்கள். அது 4.2 வோல்ட்டில் நிறுத்திப் பிடித்து, கரண்ட் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் சார்ஜை முடிக்கும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் கரண்ட் அந்த அளவுக்குக் குறையாது, சார்ஜும் முடியாது. எனவே ஆஃப் செய்துவிட்டு சார்ஜ் போடுங்கள்.

4. சோதனை

கன்வெர்ட்டரை எடுத்தவுடன் போர்டில் மாட்டாதீர்கள். ஸ்குரூவைத் திருப்பி, மீட்டரில் 5.1 வோல்ட் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை லோடாகப் போடுங்கள். ஏறக்குறைய 1.1 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், தொடாதீர்கள். அரை மணி நேரம் வோல்ட் இறங்காமல் நின்றால், செல்லும் சூடாகாமல் இருந்தால், தைரியமாகப் போர்டை மாட்டலாம். ரெசிஸ்டர் போனால் சில ரூபாய்; போர்டு போனால் வீட்டில் ஒரு மாதத்து மளிகைக் காசு.

நண்பர்களே, மேலே உள்ள எல்லாமே முதல் வருஷத்தில் நாம் படித்த ஓம் விதிதான். பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிடாமல், மீட்டரைக் கையில் எடுங்கள். செய்து பாருங்கள், வெற்றி நமதே!