பழைய டிராக்டரில் இழுவை குறைந்தால்: எஞ்சினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆடிப் பட்டத்து உழவு நெருங்கும் சமயத்தில்தான் பழைய டிராக்டர்கள் தகராறு செய்யும். சென்ற ஆண்டு ஒன்பது கொத்துக் கலப்பையைச் சிரமமின்றி இழுத்த வண்டி இந்த ஆண்டு பாதி வயலிலேயே திணறும். கியர் போட்டால் 'கரகர' என்று பல் உரசும். 'எஞ்சின் போய்விட்டது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும்' என்று கேட்டவுடன் உழவர்கள் மனம் தளர்ந்து விடுகிறார்கள். எஞ்சினைப் பிரித்தால் செலவு ஒரு பக்கம். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் நிலத்து ஈரம் போய்விடும் என்பது மறுபக்கம். ஆனால் குறை எங்கே இருக்கிறது என்பதை வயலிலேயே, செலவில்லாமல், பெருமளவு கண்டுபிடித்துவிட முடியும்.

சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 டிராக்டரை உதாரணமாகக் கொள்ளலாம். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினும், உயர்-தாழ் நெம்புகோலுடன் 6 முன் கியர்களும் 2 பின் கியர்களும் கொண்ட வண்டி இது. இந்த வகைப் பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் கீழே கண்ட சோதனைகள் பெரும்பாலும் பொருந்தும்.

குறை எங்கே?

கலப்பையை வழக்கமான ஆழத்தில் இறக்கி, கை ஆக்சிலேட்டரை முழுவதும் வைத்து உழ வேண்டும். வண்டி திணறும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்.

எஞ்சின் சத்தம் இறங்கி, புகை தள்ளித் திணறினால் குறை எஞ்சினில் இருக்கிறது. அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சத்தம் குறையாமல், பின்சக்கரமும் சுற்றாமல் வண்டி நின்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கருகிய வாடையும் வரலாம். பின்சக்கரம் சுற்றிக்கொண்டே வண்டி நகராவிட்டால், டயர் தேய்ந்திருக்கிறது அல்லது பின்பாரம் போதவில்லை. கடைசி இரண்டிலும் எஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு.

பிரேக்கைச் சோதிக்க, சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, உறுதியான தாங்கி வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுச் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் இறுகி நின்றால் அந்தப் பக்கத்துப் பிரேக்கைத் தளர்த்த வேண்டும்.

எஞ்சினில் குறை என்றால்

முதலில் காற்று. கறும்புகை வந்தால், பாரம் அதிகம் அல்லது காற்று போதவில்லை என்று கொள்ளலாம். ஆயில் நிரப்பிய காற்று வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றி, சேறாகிப்போன ஆயிலைக் கொட்டி, டீசலில் கழுவித் துடைத்து, குறியிட்ட அளவு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். புழுதி உழவுக் காலத்தில் இதைத் தினமும் பார்ப்பது நல்லது.

அடுத்தது டீசல். வண்டி முதல் ஒரு மணி நேரம் நன்றாக இழுத்து, பிறகு மெல்லச் சோர்ந்து, சற்று நின்றபின் மீண்டும் நன்றாக ஓடினால் டீசல் டேங்க் மூடியைப் பார்க்க வேண்டும். மூடியிலுள்ள சிறு காற்றுத் துவாரம் மண்ணால் அடைபட்டால் டேங்க் காற்றை இழுக்க முடியாமல் டீசல் வருவது குறைந்துவிடும். மூடியைத் தளர்த்தியதும் வண்டி தெளிந்தால் குறை அதுதான். பின்னர் வண்டல் கிண்ணத்தில் தண்ணீர், துரு நிற்கிறதா என்று பார்த்து, டீசல் பில்டரை மாற்ற வேண்டும். மாற்றியபின் பில்டர் மேலுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பு நெம்புகோலை அடித்து, குமிழ் இல்லாமல் டீசல் வந்த பின்பே திருகை இறுக்க வேண்டும்.

மூன்றாவது, பலர் கவனிக்காத ஒன்று. ஆக்சிலேட்டர் கம்பிகளின் மூட்டுகள் தேய்ந்த பழைய வண்டியில், கை நெம்புகோலை முழுவதும் இழுத்தாலும் பம்பிலுள்ள நெம்புகோல் முழு அளவு வராது. ஒருவர் இழுக்க, மற்றொருவர் பம்பின் அருகில் நின்று, அது தடுப்புத் திருகில் முட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை சரியாக இருந்தும் இழுவை இல்லாவிட்டால்தான் நாசில், வால்வு இடைவெளி, பிஸ்டன் ரிங் ஆகியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும். நீலப் புகையும், ஆயில் குறைவதும், கிராங்க் பெட்டியின் மூச்சுக்குழாயில் புகை அடிப்பதும் ரிங் தேய்ந்ததற்கு அடையாளம். நாசிலில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். ஆகவே ஓடும் எஞ்சினில் நாசில் குழாயருகே கை வைக்கக் கூடாது.

கியர் விழாவிட்டால்

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லா கியர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று விழாவிட்டால் வண்டியைச் சற்று முன்பின் அசைத்து மீண்டும் போடலாம். நின்ற எஞ்சினில் சுலபமாக விழும் கியர், எஞ்சின் ஓடும்போது மட்டும் உரசினால் பழுது கிளட்ச் முழுவதும் விடுபடாததில் இருக்கிறது. கியர் பெட்டியில் இல்லை. நின்ற எஞ்சினிலும் விழாவிட்டால்தான் கியர் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பல் உரசுவதற்கும் இழுவை குறைவதற்கும் காரணம் பல சமயம் ஒரே இடத்தில், கிளட்ச் மிதியின் தளர்ச்சியில் இருக்கும். மிதியைக் கையால் அழுத்தினால், பாரம் தட்டும் வரை அது வெறுமனே இறங்கும் தூரமே இந்தத் தளர்ச்சி. பல பழைய வண்டிகளுக்கு இது 20 முதல் 25 மி.மீ. வரை இருக்கும், வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள அளவே முடிவானது. தளர்ச்சி இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கி இழுவை போகும். அதிகமானால் கிளட்ச் விடுபடாமல் கியர் உரசும். இரண்டுக்கும் மிதியின் இணைப்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்தால் போதும். சரிசெய்த பின்னும் வழுக்கினால் தட்டு தேய்ந்திருக்கும் அல்லது அதில் ஆயில் படிந்திருக்கும்.

மழைக்காலத்தில் பல நாள் ஓடாத வண்டியில், கிளட்ச் தட்டு துருப்பிடித்து பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. நெடுநாள் நிறுத்தும்போது மிதியை அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

உயர்-தாழ் நெம்புகோல் நடுவில் நின்றுவிட்டால் எந்தக் கியர் போட்டாலும் வண்டி நகராது. இதைப் பார்க்காமல் கியர் பெட்டியைத் திறந்தவர்களும் இருக்கலாம்!

கியர் ஆயிலையும் பார்க்க வேண்டும். மாஸி பெர்குசன் வகையில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். சேற்றுழவில் தண்ணீர் புகுந்தால் அது பால் கலந்த காப்பி நிறமாகிவிடும். உடனே மாற்றாவிட்டால் இரண்டும் கெடும். ஓடும்போது கியர் தானே நழுவி வெளியே வந்தால் உள்ளே கவையோ, ஸ்பிரிங்கோ, பல்லோ தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியில் டிரெய்லர் பூட்டிச் சரிவில் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

ஓட்டும் முறை

பழைய கியர் பெட்டிகளில் பலவற்றில் ஓட்டத்திலேயே கியர் மாற்றும் வசதி இல்லை. வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுவதும் அழுத்தி, ஒரு கணம் பொறுத்தே மாற்ற வேண்டும். உழும்போது கிளட்ச் மிதியின் மேல் காலை வைத்திருக்கும் பழக்கத்தை விட வேண்டும். அந்தக் கால் பாரமே தட்டைத் தேய்த்து, அடுத்த பட்டத்தில் இழுவை இல்லாமல் செய்துவிடும்.

மிதியின் தளர்ச்சி, காற்று வடிகட்டி, டீசல் டேங்க் மூடி, ஆக்சிலேட்டர் கம்பி ஆகிய நான்கையும் ஒரு காலை நேரத்தில் பார்த்துவிடலாம். பார்த்து முடித்தபின் பட்டறைக்குப் போகும் உழவர், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தாமே சொல்ல முடியும். செலவும் குறையும், பட்டமும் தப்பாது.